ஓய்வுக்குப் பிறகு ஆறு மாத ஆர்.வி. பயணம்: எந்த வண்டி என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது வண்டியைப் பற்றி. இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. உங்களுக்கு 68, மனைவிக்கு 64. ஹூஸ்டனில் சொந்த வீடு. வரும் ஏப்ரலில் கிளம்பி ஆறு மாதம் அமெரிக்காவை ஆர்.வி.யில், அதாவது கட்டில், சமையல் மேடை, கழிப்பறையோடு வீடாகவே ஓடும் வண்டியில், சுற்ற ஆசை, முடிந்தால் அலாஸ்கா வரை. 38 அடி நீளத்தில், பேருந்துபோலிருக்கும் ஒரு கிளாஸ் ஏ வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, வாங்கினால் வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் போகிறபோக்கில் இன்னும் மூன்று விஷயங்களை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். மனைவிக்கு முழங்கால் வலி. "அவள் ஓட்ட மாட்டாள், எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்." என் கண்ணுக்கு இந்த மூன்றும்தான் கேள்வியாகத் தெரிகிறது. இரண்டு பேர் போகும் பயணத்தை ஒருவரை மட்டும் நம்பி நடத்தலாமா என்பதற்கு விடை தெரிந்தால் எத்தனை அடி வண்டி என்பது தானாக முடிவாகிவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆர்.வி. பழுதுபார்க்கும் பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். இப்போது பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்காக அதைச் சோதித்துச் சொல்வது என் வேலை. குளிர்காலத்தில் நானும் மனைவியும் சொந்த வண்டியில் கிளம்பிவிடுவோம். ஆகவே வண்டி, எடை, தண்ணீர், மின்சாரம் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். மருத்துவம், காப்பீடு பற்றிச் சொல்வது உங்கள் மருத்துவரிடமும் ஏஜெண்டிடமும் என்ன கேட்க வேண்டும் என்று காட்ட மட்டுமே. ரசனை சார்ந்த இடங்களில் இது என் கருத்து என்று தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் கருத்து. எந்த வண்டி என்பதை இருவரில் குறைவாக ஓட்டப்போகிறவர் முடிவு செய்ய வேண்டும். உங்கள் விஷயத்தில் அது உங்கள் மனைவி. அவர் தயங்காமல் ஓட்டிக்கொண்டு போய் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்த முடிகிற அளவுதான் உங்கள் வண்டியின் அதிகபட்ச அளவு. நெவாடாவில் அடுத்த ஊர் எழுபது மைலில் இருக்கும்போது உங்களுக்குச் சர்க்கரை இறங்கினால், சாலையோரம் நிறுத்தி ஜூஸ் குடித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் அதன் பிறகு உடனே நீங்கள் ஓட்டக் கூடாது. இடுப்புப் பிடித்துக்கொண்டாலும் கண்புரை அறுவை செய்துகொண்டாலும் அதே கதைதான். கணவர் மருத்துவமனையில், மனைவி விடுதியில், வண்டி ஏதோ ஒரு கேம்ப்கிரவுண்டில் (ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்கும் இடம்) என்று நின்றுபோன பயணங்களை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருமே பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் விமானத்தில் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு வண்டியை இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். பிப்ரவரியில் டெக்சஸின் தென்கோடியில் வானிலை நன்றாக இருக்கும், வாடகையும் கோடையைவிடக் குறைவு. ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் ஓட்டுநராக இருக்கட்டும். முதல் நாள் காலை, காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் இடம் ஒன்றில் அவரை ஓட்டச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அவர் வெளியே நின்றும் பார்க்க வேண்டும். இடப்பக்கம் திருப்பும்போது பின்மூலை வலப்பக்கமாக வெளியே வீசும். பெட்ரோல் பங்குகளில் இடிபடுகிற வண்டிகள் பல அப்படித்தான் இடிபடுகின்றன. இரண்டு வாரத்தில் தினமும் அரை மணி நேரமாவது அவர் ஓட்டட்டும். அதற்குப் பிறகும் மாட்டேன் என்றால் சரி, கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் அப்போது ஆறு மாதம் என்ற திட்டத்தை நான் இரண்டு மாதமாகக் குறைப்பேன், அதுவும் பெரிய ஊர்களை ஒட்டிய வழியாக.

38 அடிக்கு எதிராக வேறு காரணங்களும் உண்டு. தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் பல இன்றைய வண்டிகள் பிறப்பதற்கு முன்பே போடப்பட்டவை. அவற்றில் 38 அடி நுழையும் இடங்கள் குறைவு, இருப்பதும் சீக்கிரம் நிரம்பிவிடும். சாலைகளும் அப்படித்தான். மான்டனாவில் கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில், மலை ஏறும் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி கிடையாது. அகலக் கணக்கில் பக்கக் கண்ணாடியும் சேரும். யூட்டாவில் சயான் பூங்காவின் சுரங்கப்பாதை 1930இல் திறந்தது. உயரமான வண்டிகள் வந்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி நடுவழியே விடுவது பல ஆண்டுகளாக வழக்கம். 2026இல் அந்த ஏற்பாட்டையும் நிறுத்தும் முடிவு வந்துவிட்டது. பெரிய வண்டிகள் இனி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கிழக்கே போனால் பாஸ்டனின் ஸ்டாரோ டிரைவிலும் நியூயார்க்கின் பார்க்வேகளிலும் பாலங்கள் தாழ்வு. கிளாஸ் ஏ வண்டியின் உயரம் ஏசியோடு சேர்த்து 12 அடியைத் தாண்டும். வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குலப் பாலம் ஒன்று லாரிகளின் கூரையைச் சீவிச் சீவியே பேர் வாங்கியது. 2019இல் அதை உயர்த்திய பிறகும் 12 அடி 4 அங்குலம்தான். எந்த வண்டியை வாங்கினாலும் அதன் உயரத்தை நீங்களே நாடாவால் அளந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். சாதாரண மேப் செயலி இதையெல்லாம் பார்க்காது, ஆர்.வி.க்கான ஜி.பி.எஸ். தேவை. சமையலுக்கான புரோபேன் உருளையும் ஒரு கணக்கு. பால்டிமோர் துறைமுகச் சுரங்கங்களில் அதோடு போக முடியாது. முன்பு அதற்கு மாற்றாக இருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டதால், இப்போது நகரத்தின் மேற்குப் பக்கமாகச் சுற்ற வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 38 அடி வண்டியில் போய் இறங்கினால் பால் வாங்கவும் மருந்து வாங்கவும் தனியாக ஒரு கார் வேண்டும், அதைப் பின்னால் கட்டி இழுக்க வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகிற காரோடு வண்டியைப் பின்னால் எடுக்கவே கூடாது. தவறான முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால், இறங்கிக் காரைக் கழற்றி, வண்டியைத் திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். மழையில், முழங்கால் வலியோடு. டெக்சஸ் உரிமத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 26,000 பவுண்டைத் தாண்டினால் சாதாரண கிளாஸ் சி உரிமம் போதாது, வணிகம் சாராத கிளாஸ் பி வாங்க வேண்டும் (இவை உரிம வகைகள், அதே பெயருள்ள வண்டி வகைகள் வேறு). 38 அடி டீசல் வண்டிகள் பல அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கும். விற்பவர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது 24 முதல் 28 அடிக்குள் ஒரு கிளாஸ் சி. வேன் முகப்போடு, ஓட்டுநர் தலைக்கு மேல் பெட்டி நீண்டிருக்குமே, அதுதான். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு உட்காரும் உயரமும் கண்ணாடிகளும் அந்நியமாகத் தெரியாது. வேனையே வீடாக்கிய கிளாஸ் பி இன்னும் எளிது. ஆனால் ஆறு மாதம், இரண்டு பேர், வெளியே மூன்று நாள் அடைமழை என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு அது போதாது. இதை ரசனை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் சந்தோஷமாகச் சுற்றுகிற தம்பதிகளும் இருக்கிறார்கள்.

வண்டிக்குள் ஏறியதும் சோபாவையும் டிவியையும் பார்க்காதீர்கள். இந்த வயதில் பார்க்க வேண்டியவை வேறு. கட்டிலை மூலையில் இடித்துப் போட்டிருந்தால், இரவில் கழிப்பறைக்குப் போக ஒருவர் மற்றவரைத் தாண்டி இறங்க வேண்டும். மூன்று பக்கமும் நடக்க இடமுள்ள கட்டிலாகப் பாருங்கள். நிறுத்தியதும் இடத்தைப் பெரிதாக்கப் பக்கவாட்டில் வெளியே தள்ளும் ஸ்லைடு பகுதி இருந்தால், அதை உள்ளே இழுத்துவிட்டுக் கழிப்பறைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தும்போது அதைத் திறக்க இடம் இருக்காது, உங்கள் இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். வாசல் படிகளில் மனைவி பத்து முறை ஏறி இறங்கட்டும். பிறகு படுக்கையறையின் அவசர ஜன்னல். சிவப்புக் கைப்பிடி போட்டிருக்கும். அதைத் திறந்து அதன் வழியே வெளியே இறங்க முடியுமா என்று கடையிலேயே முயன்று பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். சமையல் மேடையும் வாசலும் முன்பக்கம் இருக்கிற வண்டியில் தீப்பிடித்தால் பின்பக்கம் தூங்குகிறவருக்கு அந்த ஜன்னலை விட்டால் வேறு வழியில்லை. மர, ஃபைபர் பெட்டிகள் எரிந்து முடிய நிமிடங்கள்தான் ஆகும்.

வாங்குவதாக இருந்தால் நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியாகப் பாருங்கள். புதிய வண்டியின் விலை முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக இறங்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் சில்லறைக் குறைகளை முதல் சொந்தக்காரர் சரிசெய்திருப்பார். பழைய வண்டிக்கு முதல் எதிரி எஞ்சின் இல்லை, தண்ணீர். கூரையில் ஏசி, காற்றுக்குழாய், ஏணி என்று துளை போட்ட இடங்களில் எல்லாம் பூசியிருக்கும் சீலன்ட் வெயிலில் வெடிக்கும். மழைநீர் மெதுவாக உள்ளே இறங்கும். வெளிச்சுவரை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஃபைபர் பரப்பில் மெல்லிய கொப்புளம்போல அலை தெரிந்தால், கட்டை விரலால் அழுத்தும்போது உள்ளே போய் வெளியே வந்தால், சுவருக்குள் ஒட்டுப்பலகை ஊறி உரிந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் செலவில் சின்னக் கார் ஒன்றே வாங்கிவிடலாம். விட்டு விலகுங்கள். அலமாரிகளின் உள்மூலைகளில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடையை வாசனைத் திரவியம் போட்டு மறைத்திருந்தால் அந்தத் திரவிய வாடையே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கென்று சான்றிதழ் பெற்ற சோதனையாளர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த ஆள்தான் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒருவரை நீங்களே அமர்த்திக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிகளின் டயர் மேல்வரிகள் தேயாமல் புதிதுபோலவே இருக்கும், உள்ளே ரப்பர் காய்ந்து போயிருக்கும். எத்தனை ஆண்டில் மாற்றுவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஐந்து ஆண்டு முதல் ஆண்டுதோறும் சோதித்துப் பத்தாம் ஆண்டில் கழிக்கச் சொல்லும் டயர் நிறுவனங்கள் உண்டு. நான் ஏழு ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. முன்சக்கரம் நெடுஞ்சாலையில் வெடித்தால் என்ன ஆகும் என்று பணிமனைக்கு வந்த வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

எடைதான் கிளாஸ் சி வண்டிகளின் பலவீனம், நான் சிபாரிசு செய்ததால் இதையும் சொல்லியாக வேண்டும். வாசலுக்கு அருகில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1,200 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நிறையத்தான் தோன்றும். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்ட், 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்ட் போயிற்று. நீங்கள் இருவரும் இன்னொரு 330. மிச்சம் 540 பவுண்டில் ஆறு மாதத்துக்கான துணி, பாத்திரம், அரிசி, கருவிகள், மடக்கு நாற்காலிகள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கிவிட்டதா என்று ஊகிக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஏற்றி, பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பி, இருவரும் உட்கார்ந்து, நெடுஞ்சாலை லாரி நிறுத்தம் ஒன்றில் இருக்கும் எடைமேடைக்குப் போங்கள். முன்சக்கரம் ஒரு தட்டிலும் பின்சக்கரம் அடுத்த தட்டிலும் நிற்கும்படி நிறுத்தி, பொத்தானை அழுத்திச் சொன்னால் ஒவ்வோர் அச்சின் எடையையும் அச்சடித்துக் கொடுப்பார்கள். பெரிய செலவில்லை. மொத்த எடை மட்டுமல்ல, ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. அதற்கான தகடு ஓட்டுநர் கதவுப் பக்கம் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மீறியிருப்பது ரொம்பச் சாதாரணம்.

மின்சாரத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. இந்த அளவு வண்டிகளுக்கு 30 ஆம்ப் இணைப்பு வரும். 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவும் வெந்நீர்க் கெட்டிலும் சேர்ந்தால் பிரேக்கர் விழும், ஒரு வாரத்தில் பழகிவிடும். பழைய வகை புரோபேன் ஃப்ரிட்ஜ் சரிவில் நின்றால் சரியாகக் குளிராது, நெடுநேரம் அப்படியே ஓடினால் கெட்டும் போகும். இன்சுலினுக்காகக் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் உள்ள வண்டியை நான் தேர்ந்தெடுப்பேன்.

கழிவுத்தொட்டி விஷயத்தை எல்லோரும் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள், நான் தாண்டப்போவதில்லை. இதை உங்கள் மனைவியும் ஒருமுறையாவது தன் கையால் செய்து பழக வேண்டும். பிளாக் டேங்க் என்பது கழிப்பறைக்கு, கிரே டேங்க் என்பது குளியலுக்கும் பாத்திரம் கழுவவும். கேம்ப்கிரவுண்டில் குழாய் மாட்டியே இருந்தாலும் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது. திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து, மற்றது அடியில் குவிந்து இறுகிவிடும். அதை உடைத்து எடுப்பதற்கென்றே பணிமனைக்கு வண்டிகள் வரும், அந்த வேலை யார் தலையில் விழும் என்று காலையில் எங்களுக்குள் ஒரு பேரம் நடக்கும். தொட்டி முக்கால்வாசி நிரம்பட்டும். கையுறை போட்டு, குழாயின் மறுமுனையைத் தரையிலுள்ள துளையில் இறுக்கி, அது நழுவாமல் ஏதாவது பாரம் வைத்து, முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டுக் கிரே வால்வைத் திறந்தால் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். முடிந்ததும் கழிப்பறை வழியாக இரண்டு மூன்று கேலன் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலித் தொட்டியில் எதையும் விழவிடக் கூடாது. குடிநீர்க் குழாயை இதோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மெடிகேர், அதாவது 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இருக்கும். அது அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரா, தனியார் நிறுவனம் வழியாக வரும் அட்வான்டேஜ் திட்டமா என்று முதலில் பாருங்கள். ஒரிஜினல் என்றால் மெடிகேர் ஏற்கும் எந்த மருத்துவரிடமும் நாடு முழுக்கப் போகலாம். அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. வெளியூரில் அவசர சிகிச்சை கிடைக்கும், சாதாரண சிகிச்சை சிக்கலாகலாம். உங்கள் மனைவிக்கு 64 என்பதால் அவர் இன்னும் மெடிகேரில் இல்லை. அவருடைய இப்போதைய காப்பீடு டெக்சஸுக்கு வெளியே எதற்கெல்லாம் செல்லும் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். பயணத்தின் நடுவே அவருக்கு 65 ஆகப்போகிறது என்றால், அந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்புவரைதான் பதிவுக்கான காலம். சாலையில் இருக்கும்போது இதை மறந்தால் பிறகு அபராதம் கட்ட நேரலாம்.

திறந்த இன்சுலின் பொதுவாக அறை வெப்பத்தில் ஏறக்குறைய 28 நாள் தாங்கும் என்பார்கள், உங்கள் வகைக்கு எவ்வளவு என்று மருந்தகத்தில் கேளுங்கள். கவனிக்க வேண்டியது, அங்கே அறை வெப்பம் என்பது 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள். கோடையில் ஏசி அணைத்து வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடும். நீங்கள் மலையேறப் போகும் நாட்களில் மருந்தைக் கையோடு குளிர்ப்பையில் கொண்டு போங்கள். உயரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கொலராடோவின் டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. ஹூஸ்டன் கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருக்கிறது. உங்கள் வண்டிக்கும் அங்கே மூச்சு வாங்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று சதவீத அளவுக்குச் சக்தி இழக்கும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் வரப் பழகிக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி ஆர்.வி.க்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், மாலை மூன்று மணிக்குள் நின்றுவிடு, நின்ற இடத்தில் மூன்று நாள் இரு. நான் உங்களுக்கு 200 மைல் என்பேன். செலவும் இதனால்தான் கட்டுப்படும். எல்லோரும் பெட்ரோலைக் கண்டு பயப்படுகிறார்கள். ஆறு மாதத்தில் 8,000 மைல், கேலனுக்கு 10 மைல் என்றால் 800 கேலன், அவ்வளவுதான். ஆனால் 180 இரவுகள் 50 டாலர் வீதம் என்று வைத்துப் பாருங்கள், 9,000 டாலர். தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் வார வாடகையும் மாத வாடகையும் ஒருநாள் வாடகையைவிட நன்றாகவே குறையும். இருவருக்கும் 62 தாண்டிவிட்டதால், குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் தேசியப் பூங்காக்களில் நுழைய 80 டாலருக்கு ஆயுள்கால சீனியர் பாஸ் வாங்கலாம். ஒன்று போதும், வண்டியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் செல்லும். மத்திய அரசுக் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் பாதிக் கட்டணம். மேற்கே பொது நிலங்களில் பல இடங்களில் இலவசமாக 14 நாள் வரை தங்கலாம். ஆனால் அங்கே தண்ணீரும் கிடையாது, பெரும்பாலும் போன் சிக்னலும் கிடையாது. இன்சுலின் போடுகிறவர் முதல் மாதத்திலேயே அங்கே போய் நிற்க வேண்டாம்.

வழியைப் பொறுத்தவரை வெயிலுக்கு முன்னால் ஓடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா. ஜூன் கடைசியில் வயோமிங், மான்டனா. செப்டம்பரில் கொலராடோ வழியாக இறக்கம். பெரிய பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். ஜூலைக்கு ஜனவரியிலேயே உட்கார வேண்டும். அவற்றை மட்டும் பதிந்துவிட்டு, நடுவில் வரும் நாட்களைத் திறந்தே வையுங்கள்.

அலாஸ்காவை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். ஹூஸ்டனிலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும், கனடாவிலுள்ள டாசன் கிரீக் போய்ச் சேரவே 2,500 மைலுக்கு மேல். அங்கிருந்து அந்தச் சாலையே ஏறக்குறைய 1,400 மைல். யூக்கான் எல்லைப் பக்கம் தரைக்கடியிலுள்ள உறைபனியால் சாலை அலையலையாக எழும்பிக் கிடக்கும், வேகமாகப் போனால் அச்சு உடையும். கனடாவில் மெடிகேர் பொதுவாகச் செல்லாது. அலாஸ்காவுக்கு நேர்வழியில் போகும்போது நேரும் அவசரம் மாதிரிச் சில விதிவிலக்குகள்தான் உண்டு. தனிப் பயணக் காப்பீடு இல்லாமல் எல்லை தாண்ட வேண்டாம். முதல் ஆண்டு நன்றாகப் போனால், அடுத்த மே மாதம் அதற்கென்றே கிளம்பலாம்.

வீட்டை விற்காதீர்கள். ஆறு மாதப் பயணத்துக்கு அது தேவையே இல்லை. திரும்பி வர ஓர் இடம் இருந்தால்தான் நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் தயங்காமல் திரும்ப முடியும். நீங்கள் வீட்டு உரிமையாளராகவே இருப்பதால் முழுநேர ஆர்.வி. வாசிகளுக்கான காப்பீடு பெரும்பாலும் தேவைப்படாது, சாதாரண ஆர்.வி. காப்பீடு போதுமா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். ஆனால் சாலை உதவித் திட்டம் ஆர்.வி.க்கானதா என்று பாருங்கள், காருக்கான திட்டங்கள் பல இந்த எடையை இழுக்க வராது. வீட்டுக் காப்பீட்டில் இன்னொரு விதி ஒளிந்திருக்கும். வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பணம் தர மாட்டார்கள். தண்ணீர் மெயின் வால்வை மூடிவிட்டு, வாரம் ஒருமுறை வந்து பார்க்க ஆள் ஏற்பாடு செய்தால் போதுமா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.